“கம்ப்ரசர் போச்சு” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

(சங்கத்தின் கோடைக்காலக் கூட்டத்தில், நம் பார்க்கிங்கில் ஒரு காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



ஆமத்தூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் இந்தப் பக்கம் வேர் பிடித்தன. அந்த வெயிலில்தான் நாம் மதுரை ஆஸ்பத்திரிக்கு வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறோம், கைக்குழந்தையோடு கல்யாணத்துக்குப் போகிறோம். காரில் ஏசி இன்று ஆடம்பரம் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கே ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது.

போன கோடையில் நம் குடியிருப்பில் மூன்று வண்டிகளுக்கு ஒரே தீர்ப்பு வந்தது: “கம்ப்ரசர் போச்சு, மாற்றணும்.” ஒருவருக்குக் கொடுத்த எஸ்டிமேட் 22,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால், முதல் வண்டியில் போயிருந்தது ஒரு ரிலே. சில நூறு ரூபாயில் முடிந்தது. இரண்டாவது வண்டியில் கண்டென்சர் ஃபேன் ஓடவில்லை. மூன்றாவது வண்டியில் உண்மையிலேயே கம்ப்ரசர்தான் கெட்டிருந்தது. ஆனால் அவர் சத்தத்தோடேயே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். கம்ப்ரசரோடு நின்றிருக்க வேண்டிய செலவு கண்டென்சர், வால்வு, டிரையர் என்று நீண்டுவிட்டது.

இதனால் இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கம்ப்ரசரை அவசரப்பட்டு மாற்றவும் கூடாது, கெட்டது தெரிந்தும் தள்ளிப்போடவும் கூடாது. எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும். அதில் பாதியை நீங்களே செய்யலாம். மீதியை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கலாம்.

முதலில், அது என்ன வேலை செய்கிறது

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அந்தச் சூட்டைச் சுமப்பது கேஸ். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கூலிங் காயிலில் அது சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. வண்டி முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சரில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. நடுவில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்க டிரையர், கேஸை அளவாக விட எக்ஸ்பான்ஷன் வால்வு. இந்தச் சுற்றைச் சுழல வைப்பது கம்ப்ரசர். பெல்ட் மூலம் இஞ்சின் அதைச் சுற்றுகிறது.

இஞ்சின் ஓடும் நேரமெல்லாம் கம்ப்ரசர் ஓடக் கூடாது அல்லவா? அதற்காகப் புல்லியின் முன்னால் காந்த கிளட்ச் இருக்கிறது. ஏசி பட்டனை அழுத்தினால் காந்தம் பிடித்து “டக்” என்று சேரும், நிறுத்தினால் விடும். அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி 1940 மாடல் காரில் ஏசி வைத்து விற்றபோது இந்த கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் “கம்ப்ரசர் போச்சு” என்று சொல்லப்படும் பல வண்டிகளில் கெட்டிருப்பது இந்த கிளட்சோ, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பாதையோதான்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

பானெட்டைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை. துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி, சேலைத் தலைப்பு எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ஃபேன் திடீரென்று தானாக ஓட ஆரம்பிக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஒன்று: காற்று குறைவா, குளிர்ச்சி குறைவா? இது இரண்டும் வேறு. புளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்றே வரவில்லை என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது புளோயர் மோட்டார் பழுது. கம்ப்ரசருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் கரிசல் புழுதிக்கு கேபின் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து, வண்டியை நிறுத்தி வைத்தால் மறுபடி வருகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. அதற்கு சென்சரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு: எப்போது குளிர்ச்சி குறைகிறது? நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நல்ல குளிர்ச்சி, சிவகாசி ரயில்வே கேட்டில் நின்றால் வெறும் காற்று என்றால், முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரை ஆற்றிவிடுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஏசி போட்டதும் முகப்பில் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

காலையில் நன்றாக இருக்கிறது, மதியம் அரை மணி நேரம் ஓடியதும் சட்டென்று நின்றுவிடுகிறது, வண்டி ஆறினால் திரும்ப வருகிறது என்றால் கிளட்சின் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். தேயத் தேய அது கூடும். கிளட்ச் காயில் சூடானால் காந்த பலம் குறைந்து தட்டை இழுக்க முடியாமல் போகும். உள்ளே இருக்கிற மெல்லிய வாஷரை எடுத்து இடைவெளியைச் சரிசெய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கம்ப்ரசரைக் கழற்றவே தேவையில்லை.

மூன்று: கிளட்ச் சேருகிறதா? இஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்தட்டும். வெளியே நிற்பவர் கம்ப்ரசரின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். புல்லி எப்போதும் சுற்றும். நடுவில் இருக்கும் தட்டு, ஏசி போட்டால் மட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். தட்டு சும்மா நிற்கிறது என்றால் கம்ப்ரசரைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்துபோனாலும் பிரஷர் சுவிட்ச் கிளட்சைச் சேர விடாது. அது கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. யாராவது ஒயர் போட்டு “டைரக்ட்” கொடுத்து ஓட்டினால் தடுத்துவிடுங்கள். எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால், நன்றாக இருக்கிற கம்ப்ரசரும் வறண்டு தேயும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. புதிய வண்டிகள் சிலவற்றில் கிளட்சே இல்லாத கம்ப்ரசர் வருகிறது. அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கேஸை அமுக்குவது என்பதை உள்ளே ஒரு கன்ட்ரோல் வால்வு பார்த்துக்கொள்ளும். அந்த வண்டிகளில் “டக்” சத்தத்தைத் தேடாதீர்கள்.

நான்கு: குழாய்கள் சொல்வது. இஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுச் சுவரில் இரண்டு ஏசி குழாய்கள் உள்ளே போகும். தடித்தது குளிர்ந்து, வேர்த்திருக்க வேண்டும். மெல்லியது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கிளட்ச் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியும் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால், ஒன்று கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரசர் அமுக்கவில்லை. கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

ஐந்து: சத்தம். இதைச் சரியாகக் கவனித்தால் பாதி தெரிந்துவிடும். ஏசி நிறுத்தியிருக்கும்போதே “ங்ர்ர்” என்று உறுமல் கேட்டு, ஏசி போட்டால் மாறுகிறது அல்லது அடங்குகிறது என்றால் புல்லி பேரிங்மேல் சந்தேகம். பேரிங் மட்டும் தனியாக மாற்றலாம். ஏசி போட்டால் மட்டும் உள்ளே கல் உருளுவதுபோல, தட்டுவதுபோலச் சத்தம் வந்தால் அது கம்ப்ரசரின் உள்வயிற்றுச் சத்தம். ஏசி போட்டதும் பெல்ட் கீச்சிட்டு, ரப்பர் கருகும் வாடை வந்து, இஞ்சின் திணறினால் கம்ப்ரசர் இறுகிக்கொண்டு வருகிறது என்று பொருள்.

ஆறு: எண்ணெய்க் கறை. கம்ப்ரசரின் முன்பக்கம், கிளட்சுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தூசியும் ஒட்டியிருந்தால் தண்டின் சீல் வழியாகக் கேஸ் கசிகிறது. குழாய் இணைப்புகளிலும் இதே அடையாளத்தைத் தேடுங்கள். கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும்.

ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நிழலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல்களை மூடி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, இஞ்சினை 1500 சுற்றில் ஐந்து நிமிஷம் ஓட்டி, நடு வென்ட்டில் அளக்க வேண்டும். 5 முதல் 10 டிகிரி வந்தால் நல்ல நிலை. வெளியே 40 டிகிரி அடிக்கும் நாளில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடலாம். 20-க்கு மேல் நின்றால் ஏதோ சரியில்லை. சங்க அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

கேஜ் போட்டால்தான் தீர்ப்பு

மேலே சொன்னதெல்லாம் சந்தேகம். உறுதி செய்வது கேஜ். லோ சைடு, ஹை சைடு என்று இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குழாய் மாட்டிவிட்டு “கேஸ் கம்மி” என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். 35 டிகிரி வெயிலில், ஏசி ஓடும்போது லோ சைடு ஏறத்தாழ 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200 முதல் 250 வரை இருப்பது வழக்கம். வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் முள்கள் நிற்கும் கோலத்தை எல்லோரும் படிக்கலாம்.

இரண்டும் குறைவு: கேஸ் குறைந்திருக்கிறது. லீக் எங்கே என்று தேட வேண்டும்.

இரண்டும் அதிகம்: கண்டென்சர் ஆறவில்லை, ஃபேன் ஓடவில்லை, அல்லது கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

லோ சைடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது: எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு.

லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு, இஞ்சின் வேகத்தைக் கூட்டினாலும் இரண்டும் விலகவில்லை: கம்ப்ரசர் கேஸை அமுக்கவில்லை. கம்ப்ரசர் மேல் குற்றம் சுமத்த இதுதான் சரியான ஆதாரம். அப்போதும், அது கன்ட்ரோல் வால்வு உள்ள கம்ப்ரசர் என்றால் வால்வு மட்டும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வால்வு தனியாகக் கிடைக்கிற மாடல்கள் இருக்கின்றன.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றிருக்கும்போது 35 டிகிரியில் இரண்டு முள்ளும் 115 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். அதைக் காட்டி “கேஸ் ஃபுல்லா இருக்கு, அப்போ கம்ப்ரசர்தான்” என்பார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை பிரஷர் அதேதான் காட்டும். சமையல் சிலிண்டர் முக்கால்வாசி தீர்ந்தாலும் அடுப்பு அதேபோல எரிவதில்லையா, அப்படி. உண்மையான அளவு தெரிய வேண்டும் என்றால் மெஷினில் கேஸை வெளியே எடுத்து, எடை பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

உண்மையிலேயே கம்ப்ரசர் கெட்டிருந்தால்

அப்போது தாமதம் ஆகாது. கம்ப்ரசர் உள்ளே தேயும்போது அலுமினியத் துகளும் கருகிய எண்ணெயும் சேர்ந்து கருஞ்சேறு போல ஆகி, குழாய் முழுக்கப் பரவும். இதற்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த பெயர் “பிளாக் டெத்”. 2000-களில் வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா சிஆர்-வி வண்டிகளில் இது அங்கே பெரிய பேச்சாக இருந்தது. இன்றைய கண்டென்சர்களின் துளைகள் மிக நுண்ணியவை. துகள் போய் உட்கார்ந்தால் கழுவியும் முழுதாக வராது. புதுக் கம்ப்ரசரை மாட்டினால் மிச்சத் துகள் அதற்குள்ளேயே போய், சில மாதத்தில் அதையும் தின்றுவிடும். “போன வருஷம்தான் மாற்றினோம், திரும்பப் போச்சு” என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு ஆபத்து பெல்ட். பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் கம்ப்ரசரையும், பேட்டரி சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. சிலவற்றில் வாட்டர் பம்ப்பும் அதில்தான். கம்ப்ரசர் இறுகி பெல்ட் அறுந்தால், ஏசியோடு வண்டியும் நிற்கும். பெரியவர்களை வைத்துக்கொண்டு மதிய வெயிலில் நான்குவழிச் சாலை ஓரத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வழியில் கருகும் வாடை வந்தால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். நிறுத்தியும் சத்தமோ வாடையோ தொடர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி இஞ்சினை அணைத்துவிடுங்கள். “இன்னும் பத்து கிலோமீட்டர்தானே” என்று ஓட்டாதீர்கள்.

கம்ப்ரசர் மாற்றும்போது ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. கழற்றும் முன் இரண்டு முள்ளையும் எனக்குக் காட்டுங்கள். போனில் படம் எடுத்துக்கொள்கிறேன்.
2. கழற்றிய கம்ப்ரசரின் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டுங்கள். தெளிவாக இருந்தால் குழாய் சுத்தம். கறுத்து, மினுமினுப்பாகத் துகள் இருந்தால் முழுச் சுத்தம் தேவை.
3. டிரையரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். துகள் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றுங்கள். கண்டென்சரையும் பார்த்துச் சொல்லுங்கள்.
4. எந்த எண்ணெய், எவ்வளவு? கம்பெனி சொன்ன வகையும் அளவும்தான் வேண்டும்.
5. நைட்ரஜன் ஏற்றி லீக் பாருங்கள். பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் இழுத்து, முள் ஏறாமல் நிற்கிறதா என்று காட்டுங்கள்.
6. கேஸை எடை பார்த்து ஏற்றுங்கள். கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்ற வேண்டாம்.
7. பழைய கம்ப்ரசரை எனக்கே கொடுங்கள். பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் வந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

மலிவு கேஸ், பெரிய ஆபத்து

கடைசியாக, வேறு எந்த ஊரையும் விட நம் ஊருக்குச் சட்டென்று புரியக்கூடிய விஷயம். ஆர்-134ஏ-க்குப் பதிலாக விலை குறைந்த கலப்பட கேஸ் உலகச் சந்தையில் சுற்றுகிறது. ஒரு வகை, சமையல் கேஸின் குடும்பத்தைச் சேர்ந்தது, எரியும். கூலிங் காயிலில் கசிந்தால் மூடிய காருக்குள் தேங்கும். அதற்கு ஒரு பொறி போதும்.

இன்னொரு வகை அதைவிட மோசம். 2011-ல், வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிர்சாதனக் கப்பல் கண்டெய்னர்கள் சில வெடித்தன. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களை ஒதுக்கி வைத்தார்கள். ஆராய்ந்தபோது, ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றிய கேஸில் மீதைல் குளோரைடு கலந்திருந்தது தெரிந்தது. அது அலுமினியத்தோடு வினை புரிந்து, காற்று பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். கார் கம்ப்ரசரின் உடம்பு அலுமினியம். அலுமினியப் பவுடரோடு எது சேரலாம், எது சேரக் கூடாது என்பதை நம் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால், லேபிள் இல்லாத சிலிண்டர், பில் இல்லாத கேஸ் இரண்டும் வேண்டாம். நூறு இருநூறு மிச்சப்படுத்தும் இடம் இது இல்லை.

கேஸைத் திறந்துவிட்டு வெளியேற்றுவதையும் அனுமதிக்காதீர்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ, பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சின்னக் காரின் 450 கிராமைக் காற்றில் விட்டால் 640 கிலோவுக்கு மேல். வெயிலுக்குத் தப்ப ஏசி போட்டு, அந்த வெயிலையே நாம் கூட்டக் கூடாது.

கேள்வி – பதில்

“அண்ணாச்சி, வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்னு சொல்றாங்களே?”

வேண்டாம் தம்பி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பல வருஷத்தில் இணைப்புகள் வழியாகக் கொஞ்சம் குறையலாம். ஒவ்வொரு கோடையிலும் போட வேண்டி வந்தால் லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். லீக்கை அடைக்கும் திரவம் என்று விற்பதையும் ஊற்றாதீர்கள். வால்வையும் ஒர்க்‌ஷாப் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும்.

“மழைக்காலத்தில் நாங்கள் ஏசியே போடுவதில்லை. கம்ப்ரசருக்கு ஓய்வுதானே?”

ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம் அக்கா, ஆனால் உள்ளே இருக்கிற சீல் வறண்டுபோகும். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் போட்டுவிடுங்கள். எண்ணெய் சுற்றி சீலை நனைக்கும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளின் வண்டி நம் பார்க்கிங்கில் மாதக்கணக்கில் நிற்கிறதே, அவற்றுக்கும் இது பொருந்தும்.

“பழைய கம்ப்ரசர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. போடலாமா?”

குழாய் வாய்கள் இரண்டும் மூடி போட்டு அடைத்து வைத்திருந்தார்களா என்று பாருங்கள். திறந்து கிடந்தது என்றால் ஈரமும் தூசியும் போயிருக்கும், வேண்டாம். தட்டைக் கையால் சுற்றினால் சீராக, லேசான அழுத்தத்தோடு சுற்ற வேண்டும். எண்ணெய் கருகிய வாடை அடிக்கக் கூடாது. எழுத்தில் வாரண்டி தரும் ரீகண்டிஷன் கடை என்றால் யோசிக்கலாம். கிளட்ச் மட்டும் தேவை என்றால் பழையதிலிருந்து எடுத்துப் போடுவதில் தவறில்லை.

“கம்ப்ரசர் கெட்டாலும் ஏசி போடாமல் வண்டியை ஓட்டலாமா?”

கிளட்ச் உள்ள வண்டியில், ஏசி நிறுத்தியபோது புல்லி சத்தமில்லாமல் தாராளமாகச் சுற்றினால் ஓட்டலாம். பேரிங் சத்தம் இருந்தால் ஓட்டக் கூடாது. கிளட்ச் இல்லாத வண்டியில் கம்ப்ரசர் எப்போதும் சுற்றுவதால் தள்ளிப்போடவே முடியாது.

“எங்களுடையது மின்சாரக் கார். இதெல்லாம் பொருந்துமா?”

காற்று, ஃபில்டர், கண்டென்சர் சுத்தம் வரை பொருந்தும். கம்ப்ரசர் மட்டும் வேறு. பெல்ட் கிடையாது, பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயர்களை நீங்களும் தொடக் கூடாது, பழக்கம் இல்லாத மெக்கானிக்கும் தொடக் கூடாது. அதற்கு எண்ணெயும் தனி வகை. சாதாரணக் கார் எண்ணெய் கலந்தால் மின் கசிவு வரும். பல மாடல்களில் பேட்டரியையும் இதே ஏசிதான் ஆற்றுகிறது. அதனால் குளிர்ச்சி குறைந்தால் கம்பெனி சர்வீசுக்கே கொண்டுபோங்கள்.

“கண்டென்சரை நாமே கழுவலாமா?”

தாராளமாக. இஞ்சின் ஆறியபிறகு, செடிக்கு ஊற்றும் சாதாரண ஓஸ் குழாயால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கோடைக்கு முன் ஒரு தடவை, புழுதிக்காற்று ஓய்ந்தபின் ஒரு தடவை போதும். கண்டென்சர் ஆறினால் ஹை சைடு பிரஷர் இறங்கும். பிரஷர் இறங்கினால் கம்ப்ரசரின் சுமை குறையும். கம்ப்ரசரின் ஆயுளைக் கூட்ட நம் கையில் இருக்கிற மலிவான வழி இதுதான்.

அந்த ஏழு கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒர்க்‌ஷாப் போகும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் வண்டியின் நடு வென்ட்டில் எத்தனை டிகிரி வருகிறது என்று அளந்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.